தண்ணீருக்குள் வைத்த படகு

செல்லையாவைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். அந்த மனிதரை என் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் கிடையாது. கட்டிய மனைவி தெய்வம்மாகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பதினான்கு மாதம் பார்த்தேன். தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன், ரோட்டு வளைவில் பீடி பற்ற வைக்கிற சாக்கில் பார்த்தேன், சில நாள் வெட்கத்தை விட்டு நேருக்கு நேர் நின்றே பார்த்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் இசக்கிமுத்து. பைக்காரா அணைத் தண்ணீர் வந்து முட்டுகிற ஓர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் வாட்சராக இருந்தேன். அப்பா தென்காசிப் பக்கமிருந்து ரோடு போட வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, பல் விழுந்தது எல்லாம் இந்தக் குளிரில்தான். வாட்சர் என்றால் சும்மா தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிற வேலை இல்லை. விறகு வெட்டுகிறவன், கொழுந்தை மடியில் கட்டுகிறவள், உரச் சாக்கை உருட்டுகிறவன் என்று எல்லாரையும் மறிக்க வேண்டும். எஸ்டேட்டை விட்டு யார் வெளியே போனாலும், ஒரு நாள் லீவில் போனாலும் சரி, ஒரேயடியாகப் போனாலும் சரி, கேட்டில் பெட்டியை இறக்கித் திறந்து காட்ட வேண்டும். நான் கையை விட்டுத் துழாவி "சரி" என்று சொல்லிச் சங்கிலியை எடுத்தால்தான் ரோடு. தலைமை குமாஸ்தாவின் சம்சாரம் பிரசவத்துக்குப் போனபோதுகூடப் பெட்டியைத் திறந்துதான் பார்த்தேன்.

"நீங்க ஒரு நாளைக்கு உங்க நெழலையே புடிச்சு ஆபீசுக்கு இழுத்துட்டுப் போகப் போறீங்க" என்பாள் என் மனைவி மூக்கம்மா. சொல்லட்டும். அந்தச் சந்தேகம்தான் அவளுக்கும் சோறு போட்டது.

செல்லையாவும் தெய்வம்மாவும் எழுபத்தைந்தாம் வருடம் மார்ச் மாதம் வந்தார்கள். சிலோன்காரர்கள் மலைக்கு வந்துகொண்டே இருந்த காலம் அது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிடும். தகரப் பெட்டி, அதன் மேல் சுருட்டிய படுக்கை, யாரைப் பார்த்தாலும் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கிற நிற்பு. செல்லையா பிறந்தது அங்கே நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தா காலத்தில் துறையூரிலிருந்து கப்பலேறிப் போன குடும்பம். இவர் தேயிலை ஃபேக்டரியில் தச்சு வேலை பழகி, அதிலேயே ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார். பிறகு இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவே ஒப்பந்தம் வந்தது, உனக்கு ஊர் இந்தியா என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் கிடந்தார்கள். யாரோ ஒரு மில்லில் வேலை என்று சீட்டுக் கொடுக்க, போய்ப் பார்த்தால் மில் கதவில் பூட்டு. தெரிந்தது தேயிலை ஒன்றுதானே என்று மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அவரே சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கியது. ஃபேக்டரியை அவர் "ஸ்டோரு" என்பார், லைன் வீட்டு அறையைக் "காம்பரா" என்பார். யார் திட்டினாலும் திருப்பிப் பேச மாட்டார். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. திட்டினால் கோபம் வர வேண்டும். கோபம் வராதவன் மனதுக்குள் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இருபத்தாறு வருடத்தில் என் வாயில் வராத வசை கிடையாது, ஆனால் நான் ஒரு குண்டூசி எடுத்ததில்லை.

அவருக்கு நிரந்தர வேலை இல்லை, தினக்கூலிதான். நிரந்தர ஆளுக்குத்தான் லைனில் வீடு. அதனால் தண்ணீர் ஓரத்தில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் மேனேஜர். மேலே பாதித் தகரம் கிடையாது. தெய்வம்மாவுக்கு இளைப்பு. முதல் மழைக்காலம் முழுக்க அந்த அம்மாள் இருமுகிற சத்தம் மேல் ரோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டாவது மழையைத் தாங்க மாட்டார் என்று மூக்கம்மாவே சொன்னாள்.

படகு விஷயம் எழுபத்தாறு ஜனவரியில் தொடங்கியது. பழைய குதிரை லாயத்தில் ஒரு பாய்மரப் படகு குப்புறக் கிடந்தது. முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப் போனது. அதன் அடியில் கோழிகள்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. கம்பெனி டைரக்டர் குடும்பத்தோடு மே மாதம் வருகிறார் என்றும், பங்களாச் சுவரில் தொங்குகிற போட்டோவில் அந்தப் படகைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஆசைப்பட்டார் என்றும் மேனேஜர் காலைப் பேர் கூப்பிடும்போது சொன்னார். யாருக்காவது இதைச் சரிபண்ணத் தெரியுமா என்று கேட்டார். நாங்கள் மலை ஏறத் தெரிந்தவர்கள். எங்களில் பாதிப் பேர் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது.

"நா பாக்குறேங்க தொர" என்றார் செல்லையா. "அங்க எங்க தோட்டத்துக்குக் கீழ அணை கட்டுனாங்க. தொர ஒரு பாய்ப்படகு வச்சிருந்தாரு. ஆறு வருசம் நாந்தான் அதப் பாத்துக்கிட்டேன்."

"மே பத்தாம் தேதி அது தண்ணீல ஓடோணும்" என்றார் மேனேஜர். "ஓடுச்சுன்னா நீ எஸ்டேட்டுக்குப் பெர்மனென்ட் கார்ப்பென்டர். லைன்ல ஊடு. ஓடலைன்னா மழைக்கு முன்னாடி வேற எடம் பாத்துக்க. அந்தக் கொட்டாயை இடிக்கச் சொல்லியாச்சு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்ப்பென்டர் வேலையை என் மச்சான் பொன்ராஜுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தலைமை குமாஸ்தாவிடம் இரண்டு முறை பேசியும் இருந்தேன். செல்லையாவின் கை எழுந்ததும் என் வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக ஆனேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, லாயத்துக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூன்று கல், நடுவில் நெருப்பு, மேலே மண்ணெண்ணெய் டின். டின் வாயிலிருந்து நீளமாக ஓர் இரும்புக் குழாய், அதன் நுனியில் அடைத்து வைத்த சாக்கு, சந்து வழியாக ஆவி. மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த நேரம். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. தனியாகப் போனால் சாட்சி இருக்காது என்று ஃபேக்டரி ஃபிட்டர் மோசஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க செல்லையா, என்னங்க காச்சுறீங்க?"

"கட்டைய அவிக்கிறேங்க வாட்சரய்யா."

"என்னத்த?"

"கட்டையத்தாங்க."

சாக்கைப் பிடுங்கினேன். ஆவி முகத்தில் அடித்துக் கண் கலங்கிவிட்டது. உள்ளே பட்டை சீவிய நாவல் மரச் சிம்புகள் நாலு, கருணைக்கிழங்கு மாதிரி வெந்து கிடந்தன. செல்லையா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒன்றை உருவினார். படகுக்குள் வைத்து முழங்காலால் அழுத்தினார். அந்தக் கட்டை சத்தமே போடாமல் வளைந்து படகின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. தெய்வம்மா ஓடிவந்து ஆணியை நீட்டினார். இற்றுப்போன பழைய விலாக்கட்டைகளுக்குப் பதிலாகப் புதிதாக வைக்கிறாராம்.

"ஒரு மணி நேரம் அவிஞ்சா சொன்ன பேச்சு கேக்குங்க. ஆறிருச்சுன்னா கேக்காது" என்றார்.

அசடு வழிய நின்றேன். மோசஸ் அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னை எங்கே பார்த்தாலும், "என்னங்க, கட்டை வெந்துச்சுங்களா, குழம்பு வைக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. கட்டையை அவிக்க இப்படி ஓர் அடுப்புக் கட்டத் தெரிந்தவனுக்குச் சாராயம் காய்ச்ச எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். இன்றில்லாவிட்டால் நாளைக்குக் காய்ச்சுவான் என்று தினமும் போய் மோந்து பார்த்தேன்.

மார்ச்சில் தெய்வம்மா படகுக்குப் பாய் தைக்க உட்கார்ந்தார். ஆபீசிலிருந்து கொடுத்த பழைய லாரிக் கேன்வாஸைக் கொட்டகை வாசலில் விரித்துப் போட்டு, சாக்கு ஊசியால் தைத்தார். இருமல் வரும்போது ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போவார், திரும்பி வந்து அதே இடத்தில் தொடர்வார். இவ்வளவு பாடுபடுவது ஒரு பணக்கார அம்மாள் அரை மணி நேரம் ஏரியில் சுற்றுவதற்கா? என்னால் நம்ப முடியவில்லை. லைனில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய மூத்த மகள் கல்யாணம் ஆகி அங்கேயே நின்றுவிட்டாள், அவளுக்கு அந்த ஊர்ப் பிரஜை என்று தாள் கிடைத்துவிட்டது, அவளை நினைத்துத் தாய் அழுகிறாள் என்று. எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய மேப்பைப் போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் விரலை வைத்து ஓட்டினேன். வாத்தியார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மோசஸு, இங்க பாரு" என்றேன். "பைக்காரா ஆறு மாயாத்துல சேருது. மாயாறு பவானில. பவானி காவேரில. காவேரி கடல்ல. கடலைத் தாண்டுனா சிலோன். இந்த ஆளு எதுக்குப் படகு கட்டுறாருன்னு இப்பத் தெரியுதா?"

மோசஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நடுவுல பவர் ஹவுஸ் இருக்குதுங்களே. பைப்புக்குள்ள போயி அவரு கரண்டாத்தான் வெளிய வருவாரு. நம்மூட்டு பல்பு கொஞ்சம் நல்லா எரியும்."

அவனிடம் சொன்னது என் தப்பு. ஆனால் அந்த யோசனை என் மண்டையை விட்டுப் போகவில்லை. ஆறு வழியாகப் போகாவிட்டால் லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு போகலாமே. அந்தக் காலத்தில் சிலோன்காரர் என்றாலே எல்லாரும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்று திட்டினார்களாம். படகே ஏறாமல் பிறந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தவர்களை. அந்தப் பெயரைக் கேட்டபோது, பெயர் வருவதற்கு ஏதாவது காரணம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்தவன் நான். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

ஏப்ரல் கடைசி. அடிப்பக்க வேலைக்காகக் குப்புறப் போட்டிருந்த படகை மறுபடி நிமிர்த்தி வைத்திருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே குனிந்து பார்த்தால் பலகைக்குப் பலகை வெளிச்சம் தெரிந்தது. பஞ்சைத் திரித்து இடுக்குகளில் வைத்திருந்தார், அதையும் இறுக்கி அடிக்காமல் கடமைக்கு வைத்த மாதிரி லேசாக வைத்திருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வேலை தெரியாத ஆள். மேனேஜரை ஏமாற்றிப் பேர் பதிந்துகொண்டு, வீட்டுச் சாவியை வாங்கிய பிறகு படகு முழுகினால் இவருக்கென்ன?

"ஏனுங்க, சல்லடை மாதிரி இருக்குது. இதுல தண்ணி புகாதுங்களா?"

"புகுமுங்க. புகணும்" என்றார். "பதினெட்டு வருசம் காஞ்ச மரம் வாட்சரய்யா. இப்ப பஞ்ச இறுக்கி அடிச்சா, நாளைக்குத் தண்ணியில ஊறி உப்பும்போது பலகைக்கு எடம் இருக்காது. ஆணியத் தெறிச்சுக்கிட்டு வெளிய வந்துரும்."

புகணுமாம். காதில் பூ சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை மதியம், ஆறு பேர் படகைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கத் திரும்பிவிட்டார்கள். நானும் செல்லையாவும் தெய்வம்மாவும்தான் நின்றோம். கோடையில் தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் செம்மண். தெய்வம்மா கல் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்க, செல்லையா அதைப் படகுக்குள் அடுக்கினார். இடுக்குகள் வழியாகத் தண்ணீர் ஊறி ஊறி ஏறியது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று விளிம்பை அழுத்தினார். படகு ஒரு குமிழி விட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மூன்று மாதம் பாடுபட்டதைத் தன் கையாலேயே முழுக அடிக்கிற மனிதனை நான் பார்த்ததில்லை.

செல்லையா வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். "ஏழு நாளு உள்ளயே கெடக்கணுங்க. மரம் தண்ணியக் குடிச்சு ஒண்ணோட ஒண்ணு நெருங்கிரும். அப்பறம் கல்ல ஒவ்வொண்ணா எடுத்தா அதா மேல வரும். எங்க தொர படகுக்கும் வருசா வருசம் இப்பிடித்தான். நம்ம மேனேஜர் தொர குன்னூர் போயிட்டாரு, திங்கக்கிழமதான் வருவாராம். வந்தா நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க வாட்சரய்யா. யாரும் தொடாம பாத்துக்குங்க."

"சரிங்க" என்றேன். அந்த "சரிங்க" என் வாயிலிருந்துதான் வந்தது. தெய்வம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நிறுத்தி வைத்தால் யாராவது பார்ப்பார்கள். முழுக வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஏழு நாள் கழித்து எடுத்தால் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதற்கு என்னையே காவலும் வைத்துவிட்டார், நான் கேட்டேன் என்பதற்கு ஒரு சாட்சியும் வைத்துவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம். மூக்கம்மாவிடம் சொன்னபோது அவள் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டாள்: "எங்கப்பா மர வாளி ஒழுகுனா கெணத்துக்குள்ள ஊறப் போடுவாரு. அவரும் எங்காச்சும் ஓடிப் போகவா போட்டாரு?" குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினேன்.

திங்கட்கிழமை காலை எனக்கு மேல் டிவிஷனில் வேலை. பதினோரு மணிக்குக் கொட்டகைப் பக்கம் வந்தால் கதவுக்குப் பதிலாக வைத்திருக்கிற தகரத்தைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு பேரும் இல்லை. காலை பஸ்ஸில் கூடலூர் பக்கம் போனதைப் பார்த்ததாக ஒரு அம்மாள் சொன்னாள். கையில் பை இருந்ததாம். கேட்டில் நான் இல்லாத நேரம் போயிருக்கிறார்கள். பெட்டி சோதனை இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று காணாமல் போனால் என் தலைதான் உருளும். மேனேஜரின் ஜீப் அப்போதுதான் குன்னூரிலிருந்து வந்து நின்றது. நேராக ஓடினேன்.

"சிலோன்காரன் போயிட்டானுங்க தொரை. பொண்டாட்டியோட. படகைக் கல்லை வச்சுத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்."

மேனேஜர் முகம் சிவந்தது. டைரக்டர் வர ஒரு வாரம். "டிராக்டரைக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

மோசஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கில் கயிற்றைக் கட்டினான். "கல்லை எடுத்துப் போட்டுட்டு இழுக்கலாமுங்க" என்று சொன்னான். அதை நான் கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரமில்ல, இழு" என்று மேனேஜருக்கு முன்னால் கத்தியது நான்தான். டிராக்டர் உறுமியது. கயிறு விறைத்தது. வயிறு நிறையக் கல்லும் தண்ணீருமாகப் படகு செம்மண் கரையில் பாதி ஏறியது. அப்புறம் ஒரு சத்தம். நடுவில் ஓடுகிற முதுகுக்கட்டை இரண்டாகப் போய்விட்டது. அவித்து வளைத்த விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வெளியே வந்தன. நான் உடைந்த இடத்தருகே குனிந்து பார்த்தேன். உடையாத பக்கத்துப் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை. நாலே நாளில் அவை ஒன்றோடொன்று நெருங்கி ஒரே பலகை மாதிரி ஆகியிருந்தன. நகத்தை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

நாலரை மணி பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். தெய்வம்மா கையில் டாக்டர் கொடுத்த மருந்துப் பாட்டில். செல்லையா கையில், படகின் மேல் பலகைக்கு எண்ணெயில் காய்ச்சிப் பூசக் குங்கிலியப் பொட்டலம். கரையில் கூட்டத்தைப் பார்த்து நேராக இறங்கி வந்தார். உடைந்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். தெறித்து விழுந்த விலாக்கட்டை ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"கல்ல எடுத்திருந்தா அதா மெதந்து வந்திருக்குமேங்க" என்றார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

மேனேஜருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. ஆனால் டிராக்டரைக் கொண்டு வரச் சொன்னது அவர். அந்தக் கோபம் கீழே இறங்கத்தானே செய்யும். "தண்ணிக்குள்ள போடப் போறேன்னு யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்று கேட்டார்.

செல்லையா என்னைப் பார்த்தார். நான் என் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இசக்கிமுத்து, உங்கிட்டச் சொன்னானா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் படகை உடைத்தது நான் என்றாகும். என் வேலை போகும், என் லைன் வீடு போகும். மூக்கம்மாவை நான் எந்தக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவது?

"இல்லீங்க தொரை" என்றேன்.

"நா பக்கத்துலதானே நின்னேன்" என்று தெய்வம்மா ஆரம்பித்தார். செல்லையா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "மறந்துட்டேங்க தொர. சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும். எம்மேலதான் தப்பு."

அன்று மேட்டில் ஏறிப் போகும்போது நான் அவர் பின்னாலேயே போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

அவர் நின்றார். கோபமாவது படுவார் என்று எதிர்பார்த்தேன், அப்போதும் இல்லை. "அங்க கந்தோருல, அதாங்க ஆபீசுல, எங்க பொறந்தேன்னு கேட்டாங்க. இங்கதான்னு சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு இல்லேன்னு எழுதுனாரு. அவரு எழுதுனதுதான் நின்னுச்சு. ஒங்ககூட நா மல்லுக்கட்டி என்னங்க ஆகப் போகுது? தெய்வம்மாவுக்கு இளைக்குது, நா போறேன்."

நம்பினால் நம்புங்கள், அந்தப் பேச்சையும் நான் சந்தேகப்பட்டேன். இவ்வளவு லேசாக விட்டுக் கொடுக்கிறவன் வேறெதற்கோ அடி போடுகிறான், என்னை எதிலோ மாட்டிவிடப் போகிறான் என்று நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் எதற்கும் அடி போடவில்லை.

டைரக்டர் பத்தாம் தேதி வந்தார். கோடை மழை பிடித்துக்கொண்டது. அவர் மனைவி பங்களாவை விட்டு இறங்கவே இல்லை, படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கார்ப்பென்டர் வேலை பொன்ராஜுக்குக் கிடைத்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எட்டே மாதத்தில் திருப்பூருக்குப் போய்விட்டான். செல்லையா பிறகு கூடலூர் பக்கம் மிளகுத் தோட்டத்தில் கூலிக்கு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே ஜன்னல், கதவு என்று ஏதோ செய்து கொடுத்து நல்ல பெயர் எடுத்தாராம். தெய்வம்மா அந்த வருடம் ஆடி மாதத்தைத் தாண்டவில்லை. அதையும் கேள்விப்பட்டேன். கூடலூருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் போகிறது. இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் ஏறவில்லை.

அவர்கள் எஸ்டேட்டை விட்டுப் போன காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூறல். கேட்டில் நான்தான் நின்றேன். செல்லையா தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி, நான் கேட்பதற்கு முன்பே திறந்து வைத்தார். தெய்வம்மா மடித்து இடுப்பில் வைத்திருந்த பாயை எடுத்து என் மேசை மேல் வைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து தைத்த பாய். "இது எஸ்டேட்டு சாமானுங்க" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் உளி, இழைப்புளி, இரண்டு சேலை, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய குடும்ப அட்டை. ஒரு மூலையில் பிரிக்காத குங்கிலியப் பொட்டலம்.

"நல்லாப் பாத்துக்குங்க வாட்சரய்யா. பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார் செல்லையா.

வேண்டாம், போய்ட்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். இருங்க, மேனேஜர்கிட்ட நான் வந்து உண்மையைச் சொல்றேன் என்றும் சொல்லியிருக்கலாம், ஜீப் ஆபீஸ் வாசலில்தான் நின்றது. ஆனால் என் கை அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டது. சேலைகளுக்கு அடியில், உளிக்கு அடியில், நாலு மூலையிலும் துழாவினேன்.

ஒன்றும் இல்லை. "சரி" என்று சொல்லிச் சங்கிலியை எடுத்தேன்.